ஒலிபெருக்கியில் வந்த பெரியவன்

கடித எண்: 311
நாள்: 19 நவம்பர் 2023, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 6.40
பொருள்: வாக்குப்பதிவு நாளுக்கு முன் பேத்தியை ஊருக்கு அனுப்பாதது குறித்து

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் எங்கள் வயதுக்கு எவ்வளவு நலம் அனுமதிக்கப்படுமோ அவ்வளவு நலத்துடன் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதைவிடக் கூடுதலான நலத்துடன் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். மற்றதைப் படிக்கும் முன் இதைப் படித்துவிடு: உன் மகள் பத்திரமாக இருக்கிறாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை, நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அடுத்த அறையில் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறாள். நேற்று சனிக்கிழமை வாக்குப்பதிவு நடந்து முடிந்தது. நீ இம்மாதம் 2ஆம் தேதி தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடியும் நான் ஒப்புக்கொண்டபடியும் அவளை வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. நீ இரண்டு முறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. உன் அம்மா எடுத்து, எல்லோரும் நலம், அப்பா எழுதுவார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் நடுவில் நின்றுவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். கோபப்படுவதானால் முழுவதும் படித்த பிறகு கோபப்படு. இன்னொன்று, உன் சென்ற கடிதத்தில் நாள் 31 செப்டம்பர் என்று இருந்தது. அப்படி ஒரு நாள் கிடையாது. கவனம்.

இந்த முறை நம் பகுதியின் நகரமன்ற இடத்துக்கு நின்றவர்களில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒரு பெண்ணும் உண்டு. வயது இருபத்தாறு, கட்சி கிடையாது, கல்லூரி வாசலுக்கு எதிரே அலமாரி அளவில் ஒரு கடை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒவ்வொரு மழைக்கும் சாக்கடை நீர் வீட்டுக்குள் ஏறுவதைப் படமெடுத்து நகரமன்றத்துக்கு அனுப்பி அனுப்பிச் சலித்து, கடைசியில் தானே நின்றுவிட்டாள். நம் குட்டியும் அவள் கல்லூரி வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் அந்தப் பெண்ணுக்காக அலைந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். நம் முன்னறைதான் அவர்களுடைய அலுவலகம் என்பது உனக்குத் தெரியாது. என்னைக் கேட்கவில்லை, உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டார்கள். வாசலில் செருப்புகள் ஒன்றும் தன் ஜோடியோடு கிடக்காது. நாற்காலிக் கைப்பிடியெல்லாம் பசை. நான் எடை அளவைத் துறையில் ஆய்வாளனாக இருந்து கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் என்று குட்டி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, அந்தக் கூட்டத்தில் "மைக்" என்று எல்லோரும் அழைக்கும் ஒரு வாயாடி என்னைத் தராசுத் தாத்தா ஆக்கிவிட்டான். "தராசுத் தாத்தா, எங்க ஓட்டை நிறுத்துப் பாத்துச் சொல்லுங்க, தேறுமா?" என்பான். "நீங்க ஒட்டின பசைதான்டா கனமா இருக்கு" என்பேன். சிரித்து உருள்வார்கள். ஆனால் அவர்களுடைய கவலை சிரிக்கக் கூடியதாக இல்லை. பெரியவர்கள் யார் வந்தாலும் ஒன்றுதான் என்று கதவைச் சாத்தினார்கள் என்றால், இளையவர்கள் அதைவிட மோசம். கைப்பேசியில் ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள், சனிக்கிழமை வரிசைக்கு வருவாயா என்றால் வேலை இருக்கிறது, வெயிலாக இருக்கும், என் ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். குட்டி ஒருநாள் சோர்ந்துபோய் வந்து, "தாத்தா, எங்க வயசுக்காரங்களை எழுப்புறதுக்கு ஒரு குரல் வேணும், எங்க யாருக்கும் அந்தக் குரல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அதை நான் பொருட்படுத்தவில்லை.

நவம்பர் 6, திங்கட்கிழமை, பொழுது சாயும் நேரம். நான் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒலிபெருக்கி வண்டி ஒன்று மெதுவாகப் போயிற்று. அதில் பேசியவன் பெரியவன்.

நீ இந்த வரியை இரண்டாம் முறை படிப்பாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். உன் அண்ணன் பேசினான். "இந்தத் தெருவின் இளைஞர்களே, யாருக்குப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வந்து வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நாம் நிற்காத வரிசையில் வேறு யாரோ நம் பெயரில் நிற்கிறார்கள்." இதுதான் வாசகம், பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் இதுவே. வண்டி திரும்பிப் போகும்வரை நான் குழாயை மூடவில்லை. சமையலறையில் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்பை மறுபடியும் பற்றவைத்தாள். ஒருவருக்கு மட்டும் கேட்டிருந்தால் மற்றவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவளும் நினைத்திருக்கிறாள், நானும் நினைத்தேன். புதன்கிழமை 8ஆம் தேதி உன் அம்மாவிடம் மின்கட்டணம் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுக் காது மருத்துவரிடம் போனேன். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்து, கொஞ்சம் அழுக்கை எடுத்துவிட்டு, "என்ன சார் கேக்கலை?" என்றார். "கேக்குது டாக்டர், அதுதான் சிக்கல்" என்றேன். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது உன் அம்மா முன்னறை ஜன்னலில் கம்பியைப் பிடித்தபடி, தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் காத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

சனிக்கிழமை 11ஆம் தேதி, எதிரே ஒரு லாரி நின்றதால் வண்டி நம் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. அவ்வளவு நெருக்கத்தில் கேட்டபோதுதான் அவன் பேச்சுக்குப் பின்னால் இருந்த ஓசைகள் கேட்டன. பாத்திரம் ஒன்று விழுந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். "அண்ணா, கதவைத் திற, என் புத்தகம் உள்ள இருக்கு" என்று ஒரு பெண் குரல். அது நீ. அதற்கும் பின்னால், தொலைவில், இருமிக்கொண்டே ஒரு மனிதர், "செய்தி கேக்க விடமாட்டீங்களா ரெண்டு பேரும்" என்று கடிந்துகொண்டார். அது நான். என்னுடைய ஐம்பது வயதுக் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுவதும் போயிற்று, போகிறவர்கள் வருகிறவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் வீட்டின் ஒரு மாலைப்பொழுது அப்படியே வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு வெளியே, ஜன்னலுக்கு உட்புறம் நின்றோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் கேக்குதில்ல?" என்றாள். கேட்கிறது என்றேன். அவ்வளவு நிம்மதியாக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கிக் கடைக்குப் போய் விசாரித்தேன். பழைய கடைக்காரர் இறந்துவிட்டார், மகன் நடத்துகிறார். அவரிடம் அப்பா காலத்து ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்திருக்கின்றன. பிள்ளைகள் பேசுவதற்கு ஆள் இல்லை என்று வந்து நின்றபோது, எந்த வேட்பாளர் பெயரும் இல்லாமல், யார் குரல் என்று குறிப்பும் இல்லாமல் "தேர்தல், பொது" என்று எழுதிய நாடா ஒன்றை எடுத்து, இப்போதைய கருவியில் ஓடும்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார். "நல்ல குரல் சார், இப்ப இந்த மாதிரி பேச ஆளு ஏது" என்றார். பெரியவன் அதை நம் சின்ன அறையில் கதவுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துப் பதிவு செய்தான் என்பது உனக்கு நினைவிருக்கலாம். எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் இருமலை வைத்துக் கணக்கிட்டால் 1994 செப்டம்பர் கடைசி வாரம். நாள் தெரியாமல் நான் எழுத நேர்ந்த ஒரே நிகழ்ச்சி இதுதான், அது என்னை உறுத்துகிறது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என்னுடைய முந்நூற்றுப் பத்துக் கடிதங்களில் ஒன்றில்கூட நான் இதை எழுதியதில்லை, ஆகவே ஒருமுறை முறையாக எழுதிவிடுகிறேன். 8 அக்டோபர் 1994, சனிக்கிழமை, உன் அண்ணன், வயது இருபத்திரண்டு, பள்ளிக்கூடத்தின் மாடியறை வாக்குச்சாவடியில் முகவராக உட்கார்ந்திருந்தான். பிற்பகலில் ஒருவன் வேறொருவன் பெயரில் வாக்களிக்க வந்தபோது எழுந்து மறுத்தான். அதற்குப் பிறகு அறைக்கு வெளியே, மாடிப்படியின் மேல்படியில் நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்றதைப் பலர் பார்த்தார்கள். அவன் கீழ்ப்படியில் கிடந்ததையும் பலர் பார்த்தார்கள். நடுவில் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை 11ஆம் தேதி மருத்துவமனையில் போய்விட்டான். படி வழுக்கியதாகப் பதிவாயிற்று. அதன் பிறகு எந்தத் தேர்தல் வந்தாலும் நானும் உன் அம்மாவும் முதல் ரயிலைப் பிடித்துக் கடைசி நிலையத்தில் இறங்கி, காத்திருப்பு அறை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வாக்குப்பதிவு முடிந்த பிறகு மாலை வண்டியில் திரும்புவது வழக்கமானது. நீயும் திருமணம் வரை எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறாய். குட்டியிடம் நாம் எல்லோரும் சேர்ந்து, மாமா படியில் வழுக்கி விழுந்தார் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முன்னறையில் இருந்தார்கள். கைப்பேசிக்காரப் பெண்ணும் இருந்தாள். அந்தக் குரலுக்கு அவர்கள் "வரிசை அண்ணன்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மைக் அவனைப்போலவே பேசிக்காட்டி, "தாத்தா, வரிசை அண்ணன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா தூக்கி வச்சுக் கொண்டாடுவேன், இப்பல்லாம் பசங்களே எங்க பூத்துன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றான். தட்டோடு உள்ளே வந்த உன் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அது என் பையன்" என்றாள். குட்டியைப் பார்த்து, "உன் மாமா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், நான் தடுக்கவில்லை. குட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "விழுந்தாரா, தள்ளினாங்களா பாட்டி?" உன் அம்மா, "நான் அங்க இல்லைம்மா. ஆனா உங்க மாமா அந்த ஸ்கூல்லதான் படிச்சான். பத்து வருஷம் ஏறி இறங்கின படி" என்றாள். மைக் என்னும் அந்தப் பையன் அன்று போகும்போது எல்லாச் செருப்புகளையும் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் குரலை நிறுத்தச் சொன்னேன். என்னால் தாங்கமுடியவில்லை என்பது ஒரு காரணம். அந்தக் குரலோடு குட்டியைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது மறு காரணம். கைப்பேசிக்காரப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை, திங்கட்கிழமை காலையிலிருந்து நிறுத்திவிடுகிறேன் ஐயா என்றாள். உன் அம்மாவுக்குத்தான் என்மேல் கோபம். "நாமதான் இத்தனை வருஷம் அவனை வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சோம். இப்பத்தான் தெருவுல நாலு பேரோட போறான், அது பொறுக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. அவள் ஜன்னல் பக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை 14ஆம் தேதி மாலை, விளக்குப் போட்ட பிறகு, நம் பகுதியின் இப்போதைய நகரமன்ற உறுப்பினர் வீட்டுக்கு வந்தார். இம்முறையும் அவர் நிற்கிறார். 1994இல் அந்த மேல்படியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். தெருவில் எதிரே வந்தால் அவர் அந்தப் பக்கம் போவார், நான் இந்தப் பக்கம் போவேன். ஒரே ஊரில் அப்படியே வாழ்ந்துவிட்டோம். உடன் வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குட்டிதான் கொண்டுவந்து கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு, "ஐயா, உங்ககிட்ட வந்து கேக்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேக்கறேன். அந்தக் குரலை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. வேற யாரையாவது பேச வைக்கட்டும். தூங்க முடியலை. இன்னிக்கு மத்தியானம்கூட என் வீட்டு வாசல்ல அரை மணி நேரம் நின்னு பேசினான்" என்றார். பேசிற்று என்று சொல்லவில்லை, பேசினான் என்று சொன்னார். அவர் முகத்தில் நடிப்பு ஏதும் இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்துக்கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா சமையலறை வாசலில் இருந்தபடியே சொன்னாள்: "தூக்கம் வரலைன்னா எழுந்து உக்காருங்க தம்பி. நாங்க அப்படித்தான் உக்காந்திருக்கோம்." அவர் எழுந்தார். போகும்போது குட்டியைக் காட்டி, "பேத்தியும் இதுல இருக்குன்னு கேள்விப்பட்டேன். பாத்துக்குங்க" என்றார். அது அக்கறையா மிரட்டலா என்று என் அனுபவத்தில் இருக்கும் எந்தத் தராசாலும் சொல்ல முடியவில்லை.

அவர் போன பிறகு குட்டி அந்தத் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாக, "தாத்தா, நேத்துக் காலையிலேர்ந்து நாங்க அதைப் போடவே இல்லையே" என்றாள்.

அன்று நாங்கள் மூவரும் முன்னறை விளக்கை அணைக்கவில்லை. வண்டி நின்றுவிட்ட பிறகும் அவன் பேச்சு நிற்கவில்லை என்றால், அதை நிறுத்த நான் யார் என்று எனக்குத் தோன்றிற்று. இதை நியாயம் என்று உன்னிடம் நிறுவ நான் முயலவில்லை. புதன்கிழமை காலை கடை திறந்ததும் கைப்பேசிக்காரப் பெண்ணிடம் போய், மறுபடியும் போடுங்கள் என்றேன். பிரசாரம் ஓய்ந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணி வரை, அவன் நம் பகுதியின் ஒரு சந்து விடாமல் போனான். நகரமன்ற உறுப்பினரின் தெருவுக்கும் போனான். ஐந்து மணிக்குப் பிறகு வந்த மௌனம்தான் எங்களுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. உன் அம்மா இரண்டு முறை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய பயணச்சீட்டோடு குட்டியின் அறைக்குப் போனேன். பெட்டியை எடுத்து வை என்று சொல்லத்தான் போனேன். பெரியவன் உட்கார்ந்த அதே மாடியறைக்குத்தான் அவளுக்கு முகவர் அட்டை கிடைத்திருந்தது. அவள் வாக்காளர் பெயர்களைச் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். "தாத்தா, நீங்க போகச் சொன்னா போறேன். ஆனா அம்மா சொன்னாங்கன்னு சொல்லாதீங்க. நீங்க சொல்லுங்க" என்றாள். நான் அங்கேயே நின்றேன். நாளைக் காலை நாங்கள் கடைசி நிலையத்தின் பெஞ்சிலும், நீ எங்கோ ஒரு நாட்டிலும், இவள் அத்தை வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்திருக்க, அந்த அறையில் எவனோ நம் எல்லோர் பெயரிலும் வந்து நிற்பான் என்று தோன்றிற்று. போகவேண்டாம் என்பதையும் என் வாய் சொல்லவில்லை, போ என்பதையும் சொல்லவில்லை. சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். உன் சொல்லை நான் மீறியது இப்படித்தான், இந்த இடத்தில்தான்.

நேற்று நாங்கள் முதல் ரயிலுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிழலுக்கு ஒரு தட்டியைச் சாய்த்துவிட்டார். உன் அம்மா, வந்ததுதான் வந்தோம், பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள். பார்ப்பதற்கு அனுமதி கிடையாது, வாக்களிப்பதற்குத்தான் உண்டு என்றேன். சரி அப்படியே ஆகட்டும் என்றாள். கைப்பிடியைப் பிடித்து அந்தப் படிகளில் ஏறினோம். எத்தனை படி என்று நான் எண்ணவில்லை. அறைக்குள் குட்டி மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை முன்பின் பார்த்திராதவளைப்போல, "பெயர் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். என் சேவைக் காலத்தில் எனக்குக் கீழே இருந்த ஒருவரும் அவ்வளவு ஒழுங்காகச் சரிபார்த்ததில்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். உறுப்பினர் வரவில்லை, அவருடைய ஆட்கள் ஐந்து பேர் வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் எழுந்தேன். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்தாள். எப்படிச் சாலையைக் கடந்தோம் என்று தெரியாது. அந்த நேரத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகளும் சந்துப் பிள்ளைகளும் வந்து குவிந்து, வரிசை மாடியறையிலிருந்து படிக்கு இரண்டு பேராக இறங்கி, முற்றத்தைச் சுற்றி வாசல்வரை வந்திருந்தது. எங்களால் உள்ளே நுழைய முடியவில்லை. மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அப்புறம் மேலேயிருந்து "எனக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்து இன்னொரு குரல், "எனக்கும்." அது படிப்படியாக இறங்கி வந்தது. முற்றத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் காதில் கம்பி செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கம்பியைக் கழற்றிவிட்டு, முன்னால் நின்றவனிடம் என்ன என்று கேட்டுக்கொண்டு, அவளும் "எனக்கும்" என்றாள். எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. உன் அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது இன்னும் இருக்கிறது.

நடந்ததைக் குட்டி சொன்னாள். அந்த ஐவரில் ஒருவன், வெளியூரில் வேலை பார்க்கும் சந்துப் பையன் ஒருவன் பெயரைச் சொல்லி வந்து நின்றிருக்கிறான். குட்டி எழுந்து, "இவர் அவர் இல்லை, எனக்கு அவரைத் தெரியும்" என்றிருக்கிறாள். அதிகாரி தயங்கியிருக்கிறார். ஐவரில் மூத்தவன் மேசையில் கையை ஊன்றி, "உனக்கு மட்டும்தானம்மா தெரியும்?" என்று கேட்டிருக்கிறான். வாசற்படியில் வரிசையின் முதல் ஆளாக நின்ற ஒருவன் தலையை உள்ளே நீட்டி, "எனக்கும் தெரியும்" என்றிருக்கிறான். அவ்வளவுதான். அந்த ஐந்து பேரும் இறங்கி வருவதை நான் பார்த்தேன். மேல்படியில் யாரையும் சுற்றி நிற்க இடமில்லை. ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள். "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று கேட்டுக் கேட்டு, உடம்பை ஒடுக்கி, பக்கவாட்டில் இறங்கிப் போனார்கள். நான் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1994இல் அவ்வளவு பேர் நின்றிருந்தால் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், எழுதிப் பயனில்லை.

செவ்வாய்க்கிழமை 21ஆம் தேதி எண்ணுகிறார்கள். கைப்பேசிக்காரப் பெண் தோற்றுவிடுவாள் என்பது என் கணிப்பு. மைக்கிடம் சொன்னேன். "தோத்தா என்ன தாத்தா, அடுத்த தடவையும் உங்க முன்னறைதான்" என்கிறான். நேற்று மாலை ஒலிபெருக்கிக் கடைக்காரர் அந்த ஒலிநாடாவையும் அதைக் கேட்கும் கருவியையும் கொண்டுவந்து கொடுத்து, உரியவர்களிடம் இருக்கட்டும் என்றார். பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது அவர் வெட்டிவிட்ட கடைசிப் பகுதி அதில் இருக்கிறது. பேச்சை முடித்த பிறகு நிறுத்த மறந்துவிட்டான் போலிருக்கிறது. மெத்தையை நகர்த்துவதும், தாழ்ப்பாளைத் திறப்பதும், உன்னோடு பேசுவதும் பதிவாகியிருக்கின்றன. மூவரும் கேட்டோம். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இன்று விடியற்காலை, ஒரு வண்டியும் இல்லாத தெருவில், நாடாவும் ஓடாத நேரத்தில், எனக்கு அவன் பேசுவது கேட்டது. உன் அம்மாவை எழுப்பவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இப்போதும் திறந்துதான் இருக்கிறது.

குட்டியைத் திட்டாதே. திட்டுவதானால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவளிடம் நேற்று என்ன நடந்தது என்று கேள், அவளே சொல்லட்டும். உன் கடவுச்சீட்டு பிப்ரவரி 9ஆம் தேதி காலாவதியாகிறது, ஜனவரியிலேயே புதுப்பித்துக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பிறகு எடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீ தொட்டது எல்லாம் துலங்கி, நிம்மதியான தூக்கமும் நீண்ட ஆயுளும் பெற்று இருக்கவேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது நாளைச் சரிபார்த்து எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

இத்துடன் இணைத்துள்ளவை:

1. 17 நவம்பர் 2023 மாலை வண்டிக்கான பயணச்சீட்டு, ஒன்று. பயன்படுத்தப்படவில்லை.

2. குட்டியின் முகவர் அட்டை, ஒன்று. பின்புறம் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறாள். நான் படிக்கவில்லை.

3. ஒலிநாடாவின் பிரதி, கைப்பேசியில் செருகிக் கேட்கும் சிறு சில்லில். கைப்பேசிக்காரப் பெண் மாற்றிக் கொடுத்தது. தனியாக இருக்கும்போது கேட்காதே, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். கடைசியில், கதவைத் திறந்து அவன் உன்னிடம் சொல்வது சரியாகக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று இங்கே எழுதி வைக்கிறேன்: "தட்டாதடி, வந்துட்டேன். உனக்கும் பதினெட்டு ஆகட்டும், ஓட்டுப் போட வான்னு நான் வந்து உன் கதவைத் தட்டுவேன். அன்னிக்கு நீ தூங்கற மாதிரி நடிக்கக் கூடாது."